முன்பல்லுக்கு முருகைக்கல்

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை. பஸ் கொஞ்சம் பிந்தினால் வழியில் குண்டு வெடித்திருக்கும் என்று நினைப்பேன். போன் அடித்தால் யாரோ மௌத்தாகிப்போன செய்தி என்று நினைப்பேன். அந்த வருடங்களில் என் நினைப்பு அடிக்கடி சரியாகவும் இருந்ததால் குணம் திருந்த வழியில்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட ஒருத்தி, கரைந்துபோன தாடை எலும்பைத் திரும்ப வளர்க்கும் ஆராய்ச்சியில் போய் மாட்டிக்கொண்டது தலையெழுத்துத்தான். விதை போட்டவன் மண்ணைக் கிளறிப் பார்க்காமல் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டிய வேலை அது. பொறுமை என் பக்கத்துத் தெருவில்கூடக் குடியிருந்ததில்லை.

நான் அப்போது மலைநாட்டில், பல் மருத்துவ பீடத்தில் மேற்படிப்பு. பல் ஈறுக்கு எங்கள் பேச்சில் முரசு. எங்கள் பேராசிரியர் முரசு நோய்க்காரர். அதாவது, முரசு நோயைப் பற்றியே பேசிப் பேசி மற்றவர்களுக்கு நோய் வரப்பண்ணுகிறவர். பல் ஆடினால் எல்லோரும் பல்லைத்தான் பழிப்பார்கள். பல் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. முரசுக்குக் கீழே அழுக்கு சேர்ந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. துலக்கும்போது இரத்தம் வரும், வலி மட்டும் வராது. வலிக்காததை எங்கள் ஊரில் யாரும் நோய் என்று எடுப்பதில்லை. வலி வருகிற நேரம் எலும்பு பாதி போயிருக்கும்.

ராத்தாவுக்கும் அப்படித்தான் போயிருந்தது.

என் ராத்தா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கல்முனைப் பக்கம் கடற்கரைத் தெருவில் உம்மா கொடுத்த வீட்டில் இருந்தாள். கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று காலை அவளுடைய மகன் அவள் கையில் இருந்து போனான். பள்ளிக்கூடம் சேர்க்க உடுப்பு எடுத்து வைத்திருந்த பிள்ளை. கரையொதுங்கிய உடல்களுக்குள் அவனுடைய மையித்து கிடைக்கவில்லை. மூன்றாம் நாளோ என்னவோ, யாரோ ஒரு மனிசன் வந்து, சிவப்புச் சேர்ட் போட்ட ஒரு பொடியனைச் சம்மாந்துறைப் பக்கம் போன டிரக்டர் பெட்டியில் ஏற்றினதைக் கண்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மனிசன் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராத்தா சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடம் விடாமல் தேடினாள், வீரமுனை, சொறிக்கல்முனை என்று தெரியாத வீட்டு வாசல்களில் எல்லாம் நின்றாள். கிடைக்கவில்லை. தேடுவதையும் விடவில்லை.

அன்றிலிருந்து அவள் மீன் தின்னவில்லை. ஊரில் எல்லோரும் ஆரம்பத்தில் மீனை விட்டார்கள், ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாக மீன் ஆணம் கொதித்து மணக்கத் தொடங்கியது. ராத்தாவின் அடுப்பில் மட்டும் மணக்கவில்லை. மச்சான், அவள் புருசன், மீனுக்கு ஆசை வந்தால் பக்கத்து வளவில் தன் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவார். ராத்தா மீனின் இடத்தில் வெற்றிலையை வைத்தாள். சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, வந்தது. வெற்றிலைச் சிவப்பில் முரசு இரத்தம் கலந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான். நான் மலையில் மற்றவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெருநாளுக்கு வீட்டுக்குப் போனபோது ராத்தா சிரித்தாள். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில், முன்பு இல்லாத ஒரு இடைவெளி. விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். பல் ஆடியது. 

“ஊர் டொக்டர் என்ன சொன்னாரு?”

“புடுங்கிட்டுப் பொய்ப்பல்லு கட்டச் சொன்னாரு. நான் மாட்டன் எண்டுட்டன்.”

“ஏன் ராத்தா? நோகாமப் புடுங்கலாம்.”

மச்சான் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் என் காதருகில் வந்து சொன்னாள்: “மூஞ்சி மாறிருமே, புள்ள. அவன் வந்தா என்னை எப்பிடிக் கண்டுபுடிப்பான்?”

முகம் மாறாது என்று சொல்லவா, அவன் வரமாட்டான் என்று சொல்லவா? “என்னோட வா, பல்லைக் காப்பாத்தித் தாறன்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான்.

எக்ஸ்ரேயில் பல்லின் ஓரமாக எலும்பு கிணறுபோல இறங்கியிருந்தது. பேராசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஆராய்ச்சிக்கு அப்படிப்பட்ட கிணறுதான் தேவை. எலும்பு தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றிச் சுவர் இருந்து நடுவில் பள்ளமாக இருந்தால், முரசைத் திறந்து, சுத்தம் செய்து, எலும்புத் தூளை நிரப்பித் தைத்துவிடலாம். தூளைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சொந்த எலும்பு வளரும். வளர்ந்தால். அந்த ‘ஆல்’தான் என் நித்திரையைத் தின்றது. உடன்பிறந்தவள் என்பதால் பள்ளத்தை அளப்பதெல்லாம் வேறொருவர் செய்வது என்று முடிவாயிற்று. வெற்றிலையை விட்டு, சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, முரசைச் சுத்தமாக்கிக் காட்டினால்தான் ஒப்பரேஷன் என்றார் பேராசிரியர். ராத்தா வெற்றிலைப் பெட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். முப்பது சோதனைச் சாவடியில் இறங்கி ஏறும் அந்தப் பயணத்தை மாதா மாதம் செய்தாள். அவள் பஸ் இங்கே வந்து சேரும்வரை நான் வாசலுக்கும் போனுக்கும் நடப்பேன்.

எல்லாம் சரியாக வந்தபோது அவள் கேட்டாள்: “அந்தத் தூளு என்ன எலும்பு?”

“மாட்டெலும்பு.”

“எந்த மாடு? ஆரு அறுத்த?”

பேராசிரியரிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.  வெளிநாட்டிலிருந்து சிறு போத்தலில் வரும் தூள், அந்த மாட்டை அறுத்தவர் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொன்னாரா என்று அவர் எங்கே போய்க் கேட்பார்? நான் ஊருக்குப் போய் மௌலவியிடம் கேட்டேன். அவர் யோசித்து, முறைப்படி அறுபடாத மாட்டின் எலும்பு நஜீஸ், அசுத்தம் என்றார். சுட்டுப் பொடியாக்கினால் என்று இழுத்தேன். அதில் கருத்து வேற்றுமை இருக்கிறது, சந்தேகமானதை ஏன் வாய்க்குள் வைப்பான், வேறு வழி இல்லையா என்றார்.

வேறு வழி இருந்தது. ஆராய்ச்சியில் இரண்டாவது தூள் ஒன்று இருந்தது, முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், செய்தது. கடலுக்கடியில் வளரும் அந்தக் கல்லில் எலும்பில் உள்ளது போலவே நுண்ணிய துளைகள் இருக்கின்றன. சொந்த எலும்பு அந்தத் துளைகளுக்குள் புகுந்து வளர, கல் மெல்லக் கரைந்து இடம் கொடுக்கும். மௌலவிக்கு முகம் தெளிந்தது. “கடல் தாற எல்லாம் ஹலால்தான், மகள். தாராளமா வைக்கலாம்.”

பள்ளிவாசலிலிருந்து ஓட்டமும் நடையுமாக ராத்தா வீட்டுக்கு வந்தேன். பரீட்சையில் பாஸான பிள்ளையின் சந்தோஷம். வாசல் படலையிலேயே கத்தினேன்: “பிரச்சினை முடிஞ்சுது ராத்தா! முருகைக்கல்லு வைக்கப் போறம். கடல் தாற எல்லாம் ஹலால்…”

சொல்லி முடிப்பதற்குள் நான் சொன்ன ‘கடல்’ எனக்கே கேட்டுவிட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராத்தாவின் கை நின்றது. சுளகை இறக்கி வைத்தாள்.

“கடல்ல இருந்தா?”

“ஓம்.”

“வேணாம்.”

அவ்வளவுதான். கோபப்படவில்லை, அழவில்லை. உள்ளே போய் ளுஹர் தொழுதாள். ஹலால் ஹராம் என்று அலைந்த நான், இதை ஒரு கணமும் யோசிக்கவில்லையே என்று படலைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியர், ஆராய்ச்சியில் ராத்தாவுக்கான இடத்தை அதிக நாள் வைத்திருக்க முடியாது என்றார். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. நான் தினமும் ராத்தாவுக்குப் போன் எடுத்து, பல் எப்படி என்று கேட்பேன். “ஆடுது” என்பாள். எவ்வளவு என்று கேட்டால் வைத்துவிடுவாள். எலும்பு கரைவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒவ்வொரு இரவும் அந்தக் கிணறு என் கனவில் இன்னும் கொஞ்சம் ஆழமாகும்.

கடல் வந்த நாள் நான்காவது தடவையாகத் திரும்ப வந்தது. நான் லீவில் போயிருந்தேன். அந்த முறை மச்சான் ஒரு முடிவோடு இருந்தார். மகனுக்குக் கத்தம் ஓதவேண்டும், சாப்பாடு கொடுக்கவேண்டும், இவ்வளவு காலம் பொறுத்தது போதும் என்றார்.

“உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஆரும் கத்தம் ஓதுவாங்களா?” என்றாள் ராத்தா.

மச்சான் சத்தம் போட்டுப் பேசும் மனிதர் இல்லை. அன்று போட்டார். “உசிரோட இருக்கான் எண்டா, கடல்ல இல்லை எண்டா, நீ ஏன் மீன் தின்னுறல்ல? சொல்லு! உனக்குத் தெரியும். என்னையவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்!”

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். நானும் பயந்தேன்.  ராத்தா என்னிடம் திரும்பினாள்.

“மச்சி வூட்ட இண்டைக்கு என்ன ஆணம்?”

“பாரைமீன் போல.”

“கொண்டா.”

பக்கத்து வளவுக்குப் போய்க் கோப்பையில் வாங்கி வந்தேன். வந்த அவசரத்தில் ஆணம் என் உடுப்பில் சிந்தியது. ராத்தா சோற்றைப் போட்டு, மீனைப் பிய்த்து, முள் பார்த்து, முன்பல்லில் படாமல் கடைவாய்க்குத் தள்ளி மென்றாள். கண்ணீர் மூக்கு வழியாக வந்தது. துடைக்காமல் தின்றாள். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுத் துண்டையும் தின்று முடித்து, விரலை வழித்து, கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“பாத்துக்கங்க. எனக்கும் கடலுக்கும் ஒண்டும் இல்லை.” பிறகு என்னிடம்: “அந்தக் கல்லை வை.”

கத்தம் ஓதவில்லை. அதற்குப் பிறகு மச்சான் அந்தக் கதையை எடுக்கவும் இல்லை.

ஒப்பரேஷன் அன்று நான் பேராசிரியருக்குக் கை உதவி. முருகைத் தூள் வெள்ளையாக, குருணல் அரிசிபோல இருந்தது. ராத்தாவின் இரத்தத்தில் நனைத்ததும் சிவந்தது. அதைப் பள்ளத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அமர்த்தும்போது அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்ததும் வாய் மரத்த நிலையில் அவள் கேட்ட முதல் கேள்வி: “கல்லு அதுக்குள்ளயே இருக்குமா?”

“இல்லை ராத்தா. மெல்ல மெல்லக் கரைஞ்சு போகும். ஒன்ட எலும்பு அந்த இடத்துக்கு வரும்.”

தலையாட்டினாள்.

அதன் பிறகு காத்திருப்பு. தையல் விட்டுப்போகுமோ, கிருமி பிடிக்குமோ, சீனி ஏறுமோ, மறந்து முறுக்குக் கடித்துவிடுவாளோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பயந்தேன். வானொலியில் வன்னிச் செய்தி, என் காதில் ராத்தாவின் பல். வெட்கமாகத்தான் இருந்தது. அங்கே ஆயிரமாயிரம் சனம் குண்டுக்கடியில் கிடக்க, நான் ஒரு பல்லுக்காக அல்லாஹ்விடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமையில்தான் அவளுடைய எக்ஸ்ரே நாள் வந்தது. மலைநாட்டுத் தெருவெல்லாம் கொடி, பட்டாசு, வழியில் போகிறவர்களுக்குக் கிரிபத் என்ற பால்சோறு. ஒவ்வொரு வெடிக்கும் ராத்தா என் கையைப் பிடித்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன். யார் யாருக்குத் துணை என்று தெரியாமல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம்.

அளக்கிற தோழி பல்லோரத்தில் அளவுக் கம்பியை இறக்கினாள். முன்பு பாதிக்கு மேல் உள்ளே போன கம்பி, இப்போது கொஞ்சம் போய் நின்றது. விரலால் ஆட்டிப் பார்த்தாள். பல் அசையவில்லை. எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கிணறு வெள்ளையாகத் தூர்ந்து வந்திருந்தது. பேராசிரியர் என் முதுகில் தட்டினார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு காலம் போனது போனதாகவே இருந்த எங்கள் குடும்பத்தில், ஏதோ ஒன்று, குருணல் அளவுக்காவது, திரும்பி வந்திருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ராத்தாவுக்குக் காட்டினேன். விரலை வைத்து, இதுதான் உன் புது எலும்பு என்றேன்.  அவள் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

“எத்தின காலம் நிக்கும்?”

“வெத்திலையைத் தொடாம, ஒழுங்காத் துலக்கி வந்தா கன காலம் நிக்கும். நீ கிழவியாகும் மட்டும் நிக்கும் ராத்தா.”

வெளியே மறுபடி ஒரு பட்டாசுக் கட்டு வெடித்தது. இந்த முறை அவள் திடுக்கிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்து, அந்த முன்பற்கள் தெரியச் சிரித்தாள்.

“பாதையெல்லாம் தொறக்கப் போறாங்களாம், புள்ள. நான் கிழவியாகுறத்துக்குள்ள அவன் வந்திருவான். அந்தளவு காலம் பல்லு நிண்டா எனக்குக் காணும்.”