பல்பொடி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் நடந்தது இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். தைத்து வரும் ஒவ்வொரு டி-சர்ட்டையும் விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எது இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே எடுத்து வைப்பதுதான் எங்கள் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது என்று கம்பெனியில் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால், அவர்களைவிட நான்தான் அதை அதிகம் சொல்லிக்கொள்வேன்.

எனக்குப் பழைய காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. அவிநாசியில் ஒருவர் வீட்டு முன்னறையிலேயே காசு வியாபாரம் செய்கிறார். தரம் பார்த்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்து வரும் காசுகள் அவரிடம் கிடையாது. எல்லாம் வெறும் காசுகள். அவர் வாக்கையும் நம் கண்ணையும் நம்பித்தான் வாங்க வேண்டும். கண் இருக்கும்போது சீல் எதற்கு என்பது என் நினைப்பு.

அந்த வாரம் அவரிடம் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று வாங்கினேன். தேய்மானமே இல்லை, ராஜாவின் தாடி மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் மட்டும் கருநீலமாகக் கறை. போனஸில் பாதி அதற்கே போய்விட்டது. “பதினஞ்சு நாள் வெச்சுப் பாருங்க அம்மிணி. புடிக்கலைன்னா கொண்டாந்து குடுத்துருங்க” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்தக் கறையை எடுத்ததுதான். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கறை இருந்தால் அது கழித்து ஒதுக்குகிற செகண்ட்ஸ் பீஸ், அவ்வளவுதான் நான் படித்த படிப்பு. கொலுசுக்குப் போடுகிற மாதிரி பல்பொடி போட்டு, பனியன் துணியால் நன்றாகத் தேய்த்தேன். காசு பளபளவென்று ஆனது.

பத்து நாள் கழித்துக் கோயமுத்தூரில் நாணயக் கண்காட்சி. அங்கே ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் கீறலுங்க. பாதி வெலைகூடப் போகாது” என்றார். நானும் பார்த்தேன். மயிரிழை போலக் கீறல்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சாயம் திட்டுத் திட்டாகிப்போன துணிக்கு மேலே கறுப்புச் சாயம் ஏற்றி விற்றுத் தள்ளிவிடுகிறவர்களை நான் பார்க்காததா? எனக்கு விற்றவரும் கீறலை மறைக்கத்தான் அழுக்கை விட்டுவைத்திருக்கிறார் என்று தீர்மானித்தேன். காசு சேர்ப்பவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், அவர் பெயரைப் போட்டு, இவரிடம் வாங்கி ஏமாறாதீர்கள் என்று அங்கே நின்றபடியே எழுதிவிட்டேன்.

மறுநாள் அவிநாசிக்காரர் போன் செய்தார். கோபம் இல்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். விற்பதற்கு முன் எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார். கீறல் இல்லை. கறைக்கு அடியில் இருந்திருக்கும் என்றேன்.

“ஏனுங்க, இதை எதுலயாச்சும் தேச்சீங்களா?”

“ஆமாங்ணா, பல்பொடி போட்டு. அழுக்கைக்கூட எடுக்காமக் குடுத்துட்டீங்க.” பெருமையாகவே சொன்னேன்.

“அப்ப அதுல விழுந்த கீறல்தானுங்க இது” என்றார் அவர். நான் விடவில்லை. கம்பெனியில் சந்தேகம் வந்தால் துணியில் ஒரு துண்டு வெட்டித் துவைத்துப் பார்த்துவிடுவோம். அதே மாதிரி இங்கேயும் பார்த்துவிடலாம் என்றேன். கறுத்துப்போன சின்ன வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து, முதலில் லென்ஸில் காட்டினார். கீறல் இல்லை. உள்ளேயிருந்து பல்பொடி வந்தது. நானே தேய்த்தேன். மறுபடி லென்ஸில் பார்த்தபோது, என் விரல் சுற்றிய அதே வட்டத்தில் மயிரிழைக் கீறல்கள்.

“அது கறை இல்லீங்க அம்மிணி. வெள்ளி நாள்பட எடுக்கிற நெறம். அதுக்குத்தான் வெலையே. தேய்க்காதீங்கன்னு நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்” என்றார். பிறகு தணிந்த குரலில், “காலையில இருந்து ரெண்டு பேரு, எடுத்து வெக்கச் சொன்ன காசு வேண்டாம்னுட்டாங்க. என்ற தொழிலுக்கு வாக்குத்தானுங்க சீலு” என்றார்.

அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை, வேண்டுமானால் காசைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்போதும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். குழுவில் எழுதியதை அழித்துவிட்டால் போதும் என்றார். அழித்தால் மட்டும் படித்தவர்கள் மறந்துவிடுவார்களா? நூறு பேர் முன்னால் போட்ட பழியை நூறு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். பல்பொடி முதற்கொண்டு ஒன்றையும் மறைக்காமல், அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே எழுதினேன். இன்றைக்கும் குழுவில் சிலருக்கு நான் ‘பல்பொடி அக்கா’தான். அதைப் பற்றி வருத்தமில்லை. ஆனால் விலகிய இரண்டு பேரில் ஒருவர்தான் அவரிடம் திரும்பி வந்தார்.

சீல் இல்லாத காசை இப்போதும் அவரிடம்தான் வாங்குகிறேன். என் கண்ணும் நல்ல கண்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அன்றைக்குக் காசைச் சோதித்தேன், விற்றவரைச் சோதித்தேன், நடுவில் நான் செய்ததை மட்டும் சோதிக்கவே இல்லை. யாரைப் பற்றியாவது குறை எழுதக் கை எழும்போதெல்லாம், திரும்பி வராத அந்த ஒருவரின் நினைவு வருகிறது. முதலில் என் கையைத்தான் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.