விலகியதை அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை

சுவிசின் நொஷாட்டல் நகரத்திலிருந்து மலைக்கு ஏறும் பேருந்து அன்று காலை நடுவழியில் நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கைபேசியில் படம் எடுத்தார். முன்னால் மாடுகள் வந்துகொண்டிருந்தன. கோடை முழுவதும் மலையில் மேய்ந்தவை குளிருக்கு முன் ஊருக்கு இறங்குகிற நாள் அது. கொம்புகளுக்கிடையில் பூக்கள், கழுத்தில் என் தலையளவு மணி. ஒரு பொலிஸ்காரர் நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்து வைத்திருந்தார். இரண்டு நிமிடம் பிந்தினாலே முகம் சுளிக்கிற சனம், அன்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கொலெத் பக்கத்து இருக்கையில் இருந்தார். "அழகாக இருக்கிறது, இல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "உய்" என்று ஆமோதித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த மணிகளையெல்லாம் பிடுங்கி எறியவேண்டும் போல ஆத்திரம் வந்தது. முதல் நாள் பின்னேரம் மட்டக்களப்பிலிருந்து அண்ணன் சொன்ன செய்தி அப்படி. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்காமலிருக்க, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்களுடைய ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அண்ணனுக்கு ஒரு பட்டி மாடு இருக்கிறது. வயல் விதைத்ததும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. மாவட்ட எல்லையிலுள்ள மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சில வருடங்களாக அந்தத் தரைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து காட்டை வெட்டிச் சோளம் போடுகிறார்கள். மாடு அதற்குள் கால் வைத்தால் வெட்டுக்காயத்தோடு திரும்புகிறது; சிலது திரும்புவதேயில்லை. அண்ணனும் மற்ற மாட்டுக்காரரும் தெருவோரம் கொட்டில் போட்டு மாதக்கணக்காக இருந்து பார்த்தார்கள். வந்து படம் எடுத்தவர்கள் பலர். தீர்வோடு வந்தவர் ஒருவருமில்லை.

அந்தக் கொட்டிலுக்குத்தான் அந்த வேட்பாளர் வந்தார். ஜனாதிபதித் தேர்தலில் தமிழருக்காகத் தனித்து நிற்கிறேன் என்று அறிவித்திருந்தவர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மற்றவர்களைப்போல நின்றுகொண்டு பேசிவிட்டுப் போகாமல், பாயில் சப்பணம் கட்டி இருந்து, பால் வாங்கிக் குடித்து, ஒவ்வொரு மாட்டுக்காரருடைய கதையையும் கேட்டாராம். "நான் வெல்லப் போறதில்லை எண்டு எனக்கும் தெரியும். உங்கட பிரச்சினை இந்த நாட்டில ஒரு எண்ணிக்கையா எழுதப்பட வேணும். அதுக்குத்தான் நிக்கிறன்" என்று சொன்னாராம். அண்ணன் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரலே வேறுமாதிரி இருந்தது. "இவ்வளவு காலமும் வெல்லுவன், வெல்லுவன் எண்டு வந்தவங்களத்தான் புள்ள கண்ட நாம. தோத்துப்போவன் எண்டு செல்லிக்கிட்டு வந்த முதலாவது ஆள் இவர்" என்றார்.

அண்ணன் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர். என் கலியாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கச் சொன்னபோது ஒரு மூலையில் போய் நின்றவர். அப்படிப்பட்டவர் அவருக்காக மேடையேறினார். யாரோ எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார்கள். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நான் மாட்டுக்காரன். எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்கிப் பேசினார். அதை நான் வேலைக்குப் போகும் வழியெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொலெத்துக்கும் காட்டினேன். அவருக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் "உன்னுடைய அண்ணன் பயப்படுகிறார், என்றாலும் பேசுகிறார்" என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

வாக்களிப்புக்கு ஒரு கிழமை இருந்தது. வேலையிடத்தில் இடைவேளையின்போது கைபேசியைத் திறந்தேன். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். நடுவில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளர். பக்கத்தில் எங்கள் ஆள், கழுத்தில் மாலையோடு. நாட்டின் எதிர்காலம் கருதியும் மக்களின் நன்மை கருதியும் போட்டியிலிருந்து விலகி இவரை ஆதரிக்கிறேன் என்று வாசித்தார். அவர் யாருக்குப் பக்கத்தில் நின்றார் தெரியுமா? சோளம் போட வந்தவர்களுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் என்று ஊரே பேசும் அதே கூட்டத்தின் தலைவருக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் கையைக் கோர்த்து உயர்த்தினார்கள். நான் கோப்பையை மேசையில் அடித்து வைத்ததில் கோப்பி சிந்தியது.

"என்ன நடந்தது?" என்று கொலெத் கேட்டார். எங்கள் வேட்பாளர் விலகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "ஆ, தெசிஸ்தே" என்று அதற்குரிய சொல்லை எடுத்துத் தந்தார். பிறகு, "சுகமில்லையா அவருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் புத்திசாலி. இங்கேயும் அப்படித்தானே? முதல் சுற்றில் வாக்குக் குறைந்தவர் இரண்டாம் சுற்றுக்கு விலகி மற்றவருக்கு இடம் விடுவார். அது நாகரிகம்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. இந்த நாட்டில் ஏழு பேர் கூடி ஆள்கிறார்கள். ஜனாதிபதிப் பதவி அவர்களுக்குள் வருடத்துக்கு வருடம் கைமாறுகிறது. இந்த வருடம் யார் ஜனாதிபதி என்று கேட்டால் கொலெத் யோசித்துத்தான் சொல்லவேண்டும். ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார், மாடு மலையிலிருந்து இறங்கும், ரயில் நேரத்துக்கு ஓடும். விலகுவதால் பின்னால் நின்ற ஒருவரும் நடுத்தெருவில் விடப்படுவதில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. எனக்குக் கோபமாக இருக்கிறது என்றாவது சொல்லலாம் என்று, "ஜே சுயி லா கொலேர்" என்றேன். கொலெத் சிரித்துவிட்டார். நான் சொன்னது பிழையாம். 'நான்தான் கோபம்' என்று சொல்லியிருக்கிறேனாம். திருத்தினார். நான் திருத்திச் சொல்லவில்லை.

அண்ணனைத் தொலைபேசியில் எடுத்தேன், எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தது அண்ணி. நடந்ததை அவர்தான் சொன்னார். கொழும்பில் மாலை போட்ட நேரம் அண்ணன் ட்ரக்டர் பெட்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, அந்த வேட்பாளரின் தண்ணீர்க்குழாய்ச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாராம். ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு முன்னால் நின்றவர்கள், "உங்கட ஆள் விலகிட்டாராம், நீ ஏன்டா கத்திறாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்து அண்ணன் இன்னும் சத்தமாகக் கத்தியிருக்கிறார். இன்னும் இரண்டு ஊர் போனாராம். போகுமிடமெல்லாம் சனம் வேலியில் நின்று சிரித்ததாம். கடைசியில் ட்ரக்டர் ஓட்டிய பொடியன் தன் கைபேசியைக் காட்டினானாம். அண்ணன் இறங்கி, ஒலிபெருக்கியைத் தானே கழற்றினாராம். "வந்து படுத்தவர், இன்னும் எழும்பல்ல" என்றார் அண்ணி.

அண்ணனுடைய தொலைபேசி இலக்கம் அந்த வேட்பாளரின் ஆட்களிடம் இருந்தது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், சாப்பாடு யார் சமைப்பது என்று கேட்டு நாளுக்கு மூன்று தரம் எடுத்தவர்கள். விலகுகிறோம், தெருவில் நிற்காதே, வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து நாளில், அண்ணனின் சினைப்பசுவொன்று தொடையில் வெட்டோடு வந்து பட்டியில் விழுந்தது. அண்ணன் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனார். அங்கிருந்த அதிகாரி இவரை மேடையில் பார்த்தவர். எழுதுவதற்குப் பேனாவைக்கூட எடுக்கவில்லையாம். "உங்கட ஆள்தான் இப்ப எங்கட பக்கம் வந்திட்டாரே. பிறகென்ன பிரச்சினை உங்களுக்கு?" என்றாராம், நல்ல தமிழில். அண்ணன் திரும்பி வந்து பசுவுக்குப் பக்கத்தில் இருந்தார். விடிவதற்குள் அது செத்துப்போனது, வயிற்றில் கன்றோடு. இதைக் கேட்டதற்கு அடுத்த காலையில்தான், பொலிஸ்காரர் ஒருவர் மாடுகளுக்காக வாகனங்களை மறித்துக்கொண்டு நிற்பதைப் பேருந்துக்குள் இருந்து பார்த்தேன். சொல்லுங்கள், நான் எப்படி ரசிக்க?

வாக்களிப்பு நாளன்று நான் வேலையில் நின்றேன். எனக்கு ஊரில் வாக்கில்லை; வெளிநாட்டிலிருந்து போட வழியில்லை. இங்கே பெர்மி சே என்கிற நிரந்தர வதிவிட அனுமதி வைத்திருப்பதால் நகரசபைக்குப் போடலாம். பெயரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாத மனிதர்களைக் குசினி மேசையிலிருந்து தெரிந்தெடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தெருவுக்கு எந்த நிறத்தில் விளக்குப் போடுவதென்று என்னிடம் அபிப்பிராயம் கேட்கும் ஊர் இது. என் அண்ணனின் மாட்டை வெட்டாதே என்று சொல்ல எனக்கு எங்கேயும் ஒரு வாக்கில்லை. தேர்தல் முடிந்தது. ஆர் வென்றால் என்ன என்று நான் முடிவுகளைப் பார்க்கவுமில்லை. அண்ணனிடம் தேர்தலைப் பற்றிக் கேட்கப் பயந்து, மழையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன்.

மாரியில், விலகிய அந்த மனிதர் சுவிசுக்கு வந்தார். பேர்ண் பக்கம் ஒரு மண்டபத்தில் 'புலம்பெயர் உறவுகளுடன் சந்திப்பு' என்று விளம்பரம் வந்தது. கணவர், "போகாத. போய் என்ன செய்யப் போறாய்?" என்றார். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே ரயிலேறினேன். மண்டபம் நிறைந்திருந்தது. எங்கடின் என்கிற தூரத்து மலைப்பகுதியில் ஹோட்டல் வேலை செய்கிறவர்கள்கூட விடுப்பெடுத்து வந்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையில், களைத்த முகத்தோடு, நன்றாகப் பேசினார். தான் விலகியது எவ்வளவு வேதனையான தியாகம் என்று சொன்னபோது சிலர் கைதட்டினார்கள். கேள்வி நேரம் வந்தது. நான் எழுந்தேன்.

"தங்கச்சி எந்த இடம்?" என்று அவரே முதலில் கேட்டார்.

"மட்டக்களப்பு. படுவான்கரை."

"ஆகா. நல்ல சனம். மேய்ச்சல் தரைக் கொட்டிலில இருந்து பால் குடிச்சிருக்கிறன். அந்த ருசி இன்னும் நாக்கில நிக்குது."

"அந்தப் பால் என்ட அண்ணன்ட பட்டிப் பால் ஐயா."

மண்டபம் கைதட்டியது. நான் அவரைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கை ஓயும்வரை நின்றேன்.

"நீங்க கொழும்புல மாலை போட்ட நேரம் அண்ணன் உங்களுக்கு வாக்குக் கேட்டுத் தெருவில நிண்டவர். ஊர் பார்த்துச் சிரிச்சது. ஒரு போன் எடுத்திருக்கலாமே ஐயா. இலக்கம் உங்கட ஆக்களிட்ட இருந்தது."

அவருடைய முகம் மாறவில்லை. "தங்கச்சி, அரசியல்ல சில முடிவுகளைக் கடைசி நிமிசம் வரைக்கும் வெளியில விடேலாது. ஆயிரக்கணக்கான ஆதரவாளர் இருக்கினம். எல்லாருக்கும் நான் எப்பிடிச் சொல்லுறது?"

"எல்லாருக்கும் வேணாம். ஒலிபெருக்கியோட நிண்ட ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கலாம். இப்ப மாடு செத்தா முறைப்பாடு எழுதவும் மாட்டாங்களாம், உங்கட ஆள் எங்கட பக்கம் எண்டு. அவரிட்ட நீங்க என்ன சொல்லுறீங்க? அவர்ட பேராவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். பெயர் வரவில்லை. அதற்குள் ஏற்பாட்டாளர்களில் ஒருவர், நரைத்த யாழ்ப்பாணத்து அண்ணை, என் கையிலிருந்த ஒலிவாங்கியை மெதுவாக எடுத்தார். "தங்கச்சி, ஒராளுக்கு ஒரு கேள்விதான். மற்றாக்களும் கதைக்கோணும். விருந்தினரா வந்தவர், நாங்கள் மரியாதையா நடக்கோணும் என்ன?" என்றார். பிறகு கேள்விகளையே முடித்துக்கொண்டு, தேநீரும் ரோல்சும் தயார் என்று அறிவித்தார். தேநீர் மேசையருகே அந்த மனிதர் கைகூப்பியபடி என்னிடம் வந்தார். "உங்கட கோபத்தை நான் மதிக்கிறன் தங்கச்சி" என்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் கமராவை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சால்வையை நாற்காலியில் விட்டுவிட்டேன். அதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

ரயிலுக்குள் இருந்துகொண்டு அண்ணனை எடுத்தேன். அங்கே பொழுதுபட்டிருந்தது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏன் புள்ள அவரோட சண்டைக்குப் போன? உனக்கு அங்க பேர் கெட்டுப்போகும்."

"கெட்டாக் கெடட்டும். உங்கள ஊர் சிரிக்க வச்ச ஆள்."

"சிரிச்சதுதான்" என்றார். பிறகு, "நான் வாக்குப் போட்டநான், தெரியுமா?" என்றார்.

"ஆருக்கு?"

"குழாய்க்குத்தான்."

வாக்குச்சீட்டு முன்பே அச்சாகிவிட்டதால், அவர் விலகிய பிறகும் பெயரும் சின்னமும் அதில் அப்படியே இருந்தன. அது எனக்குத் தெரியும். அதற்குப் போட ஒரு மனிதர் போவார் என்று தெரியாது.

"உங்களுக்கென்ன விசரா அண்ணன்? அவர்தான் விலகிட்டாரே!"

"அவர் விலகினார். நான் ஆரிட்டச் சென்ன, விலகிறன் எண்டு? பன்னிரண்டு ஊருல போய்க் குழாய்க்குப் போடுங்க எண்டு கேட்டநான். கேட்ட வாய்க்கு ஒரு வாக்கு வேணாமா?"

எனக்கு அழுகை வரவில்லை, கத்தத்தான் வந்தது. எதிர் இருக்கையிலிருந்த ஒருவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் பழக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏன் ரகசியமாக் கதைக்கிறா?" என்று அண்ணன் உடனே பதறினார். "ஆராவது நிக்கிறாங்களா பக்கத்தில?"

"இல்ல அண்ணன். இஞ்ச ரயிலுக்குள்ள மெல்லமாத்தான் கதைக்கோணும்."

"ஓ, அப்பிடியா" என்றார், நம்பாத குரலில். அவருக்குத் தெரிந்து ஒருவர் குரலைத் தாழ்த்துவது ஒரு காரணத்துக்காக மட்டும்தான்.

நொஷாட்டலில் இறங்கினேன். ஏரிப் பக்கமிருந்து குளிர் முகத்தில் அடித்தது. ரயில்மேடையில் நின்று, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, மண்டபத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் முழுக்குரலில் சொன்னேன். அந்த மனிதரை, அந்த அதிகாரியை, வேலியில் நின்று சிரித்தவர்களை, ஒலிவாங்கியைப் பிடுங்கியவரை, ஒருவரையும் விடவில்லை. சனம் விலகி நடந்தது. குழந்தைவண்டியோடு போன ஒரு பெண் மட்டும் நின்று, "சா வா, மதாம்?" என்று சுகம் கேட்டாள். அதே கணத்தில் காதுக்குள் அண்ணன், "புள்ள, நீ அங்க நல்லாத்தானே இரிக்கிறா?" என்றார்.

அவளுக்கு, "உய், சா வா" என்றேன். அண்ணனுக்கு, "இல்ல" என்றேன்.