தொட்டிக்கு வெந்நீர்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் இருந்த ஏரிக்கரை வீடு ஆர்விலுடையது. மனைவி ஆர்டிஸ் இறந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்திலேயே செப்டிக் டேங்க் உறைந்து வெடித்துவிட்டது. பனி உருகியதும் செப்டிக் டேங்க் வேலை பார்க்கும் டுவேன் வந்து, பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினான்.

“முப்பது வருஷமா உறையாத தொட்டிடா! எப்பவும் போல வைக்கோல் போட்டுத்தானே மூடினேன்?” என்று எரிந்து விழுந்தார் ஆர்வில்.

“வைக்கோல் வெறும் போர்வைதான் பெருசு. உள்ள ஆள் படுத்தாத்தானே போர்வைக்குச் சூடு? ரெண்டு பேர் இருந்தப்ப தொட்டிக்கு வெந்நீர் போய்க்கிட்டே இருந்துச்சு. இனிமே தினமும் மெஷின்ல வெந்நீர் விட்டுத் துணி துவைங்க.”

“ஒண்டிக்கட்டைக்கு ஏதுடா அவ்வளவு துணி?”

டுவேன் குழியை மூடினான்.

அடுத்த குளிர்காலம் வந்து மறுபடியும் பனி கொட்டியது. திங்கட்கிழமையே ஆர்விலின் அழுக்குத் துணி தீர்ந்துபோனது. செவ்வாய்க்கிழமை ஆர்டிஸின் அலமாரியைத் திறந்து, அவள் துவைத்து வைத்திருந்த இரவு அங்கிகளை அள்ளி மெஷினில் போட்டார். காய்ந்ததும் அவள் மடிப்பது போலவே மடித்து அடுக்கினார்.

புதன்கிழமை அவற்றையே மறுபடியும் எடுத்துத் துவைத்தார்.