எக்ஸ்ரே அறையில் கேட்ட கேள்வி

மன்னார்குடி பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும்தான் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்தன. எந்தப் பெண் உள்ளே வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான். என்னையும் கேட்டார்.

"மாசமா இருக்கீங்களாம்மா?"

"எனக்கு அறுபது வயசாச்சும்மா!"

"எல்லாரையும் கேக்கணும்மா" என்றபடி, கனமான ஈய அங்கியை என்மேல் போர்த்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் யாரையும் தனியாக விடும் வழக்கம் எங்களுக்கில்லை. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் கேட்டார்: "நீங்க மாசமா இருக்கீங்களா? இல்லாட்டியும் வெளியதான் நிக்கணும், கதிர் படும்."

அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, மகனுக்குப் பயந்து நான் கேட்காமலே விழுங்கிய கேள்வி அது!

மருமகள் தரையைப் பார்த்தாள். "நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்றவள், வெளியே ஓடிவிட்டாள்.

அங்கியோடு துள்ளி எழுந்தேன்.

"ஆடாதீங்கம்மா, படம் கலங்கிடும். மறுபடி எடுத்தா உங்களுக்குத்தான் வீணா கதிர் படும்."

எனக்கா சிரிப்பு அடங்கும்? அது அடங்கும்வரை பொத்தானை அழுத்தாமல் காத்திருந்தார்.

பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறது. அன்று முகக்கவசத்துக்குள் அவரும் சிரித்தாரா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.