நேர்ந்துவிட்ட சேவலின் நான்கு இறகுகள்

“வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள். குடில் மூன்று: டாக்டர் யான், ஹாலந்து. தூண்டில் வந்தது, இரைப்பெட்டி வரவில்லை.” வண்டூர் கடற்கரையில் நான் வேலை பார்க்கும் ஈகோ ரிசார்ட்டின் பதிவேட்டில், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. தென்காசிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் சாப்பிடாத மீனுக்காக ஒருவர் கடல் கடந்து வருவது எனக்கு இன்னும் பழகவில்லை. பிடிப்பார்கள், கன்னத்தோடு சேர்த்துப் படம் எடுப்பார்கள், விட்டுவிடுவார்கள். எங்கள் விளம்பரத் தாள் இந்த இடத்தை ‘அட்டால்’ என்கிறது. படித்துப் பார்த்தேன்; வளையமாக அமைந்த பவளத்தீவுக்குத்தான் அந்தப் பெயர். இது கரையை ஒட்டிய வெறும் திட்டு. சொன்னேன், யாரும் திருத்தவில்லை.

ஃப்ளை ஃபிஷிங்கில் புழுவும் கிடையாது, இறாலும் கிடையாது. கொக்கியில் இறகைச் சுற்றிக் கட்டி, குட்டி மீன் நீந்துவதுபோல் ஆடவிட வேண்டும். டாக்டர் கட்டி வைத்திருந்தவையெல்லாம் விமானம் மாறிய ஏதோ ஓர் ஊரில் தங்கிவிட்டன. கொக்கியும் நூலும் எங்களிடம் உண்டு. நீளமான சேவல் இறகு கிடைத்தால் தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். பல் மருத்துவர், விரல் சொன்னபடி கேட்கும்.

இதில் மாட்டிக்கொண்டவர் செல்வம், எங்கள் வழிகாட்டி. அவருடைய சோதனைக் காலம் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஒரு விருந்தினருக்காவது பாறை மீன் பிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இல்லை என்று நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மேனேஜர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த ஒரே விருந்தினர் டாக்டர்தான்.

பொருத்தமான சேவல் புரோத்ராபூரில் செல்வத்தின் மாமியார் மாரியாயி வீட்டில் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, இங்கே வந்து சேர்ந்தவர். சேவலோ முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்ததே மருமகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர், செல்வம், நான் மூவரும் போய் நின்றோம்.

“தொர கேட்டா ஒடனே குடுக்க இது என்ன தோட்டமா?” என்றார் மாரியாயி. “வேல கெடச்சா வெட்டுறேன்னு நேந்தது, மாப்பிள்ள. கெடைக்கிறதுக்கு முன்னாடியே பிச்சிட்டா சாமிகிட்ட என்னான்னு சொல்றது?”

“டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க அத்தே,” என்றார் செல்வம். “ வேலைக்குத்தான நேந்தீங்க? வேலைக்குத்தான கேக்குறோம்.”

“லஞ்சம் மாதிரி இருக்குங்களே” என்றார் மாரியாயி.

“யாருக்கு யார் கொடுக்கிற லஞ்சம்?” என்று நான் கேட்டேன்.

“சார், நீங்க எழுதுறத மட்டும் எழுதுங்க” என்றார் செல்வம்.

பேச்சு புரியாத டாக்டர், சேவலுக்கு ஏதோ நோய் என்று கவலைப்படுவதாக நினைத்துவிட்டார். அதைத் தூக்கி, அலகைத் திறந்து உள்ளே உற்றுப் பார்த்து, “வெரி ஹெல்தி” என்று கட்டை விரலை உயர்த்தினார்.

“பல்லே இல்லாததுக்குப் பல் டாக்டரு!” மாரியாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த வேகத்தில் முதுகிலிருந்து நான்கு இறகுகளைப் பிடுங்கித் தந்தார். “அஞ்சாவது கேக்கப்படாது. சாமி கோவிச்சா மாப்பிள்ள மேலயே கோவிக்கட்டும்.”

நான்கு இறகுக்கு இரண்டு கொக்கி தேறியது. சனிக்கிழமை காலை, வற்றும் தண்ணீரில், மீன் பிடிக்கக் கூடாத கடல் பூங்காவின் எல்லைக்கு வெளியே முதல் கொக்கி பவளத்தில் மாட்டி அறுந்தது. இரண்டாவதை டாக்டர் வீசியதும் முன்னால் பார்க்கச் சொல்லி செல்வம் இந்தியில் கத்தினார்: “சாம்னே! சாம்னே தேக்கோ!” ஒரு நிழல் திரும்பியது. தூண்டில் வில்லாக வளைந்தது. நேரம் குறிக்க நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 6.52. நிமிர்ந்தபோது டாக்டர் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். தூண்டில் நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. செல்வம் ஈரக் கையை உயர்த்தி நின்றார்.

“தொட்டேன்! நரம்பத் தொட்டேன்!”

வழிகாட்டியின் கை தூண்டில் நுனி நரம்பில் பட்டுவிட்டால், மீன் அறுத்துக்கொண்டு போனாலும் அது பிடித்த கணக்கு. இந்த விளையாட்டில் டாக்டர் பின்பற்றும் விதி அது. ஆனால் டாக்டர் அப்போது விழுந்துகொண்டிருந்தார். என் கண் கடிகாரத்தில் இருந்தது.

“ஆப்னே தேக்கா?” நீங்கள் பார்த்தீர்களா என்று மேனேஜர் தீதி என்னைக் கேட்டார். மணி மட்டும் தெரியும் என்றேன். செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர்தான் தலையிட்டார்: தண்ணீரில் வழிகாட்டி சொல்வதே முடிவு, தொட்டேன் என்றால் தொட்டார். தீதி வேலை நிரந்தரத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கோயிலில் மாரியாயி சேவலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சேவல் சிலுப்பவில்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஆடு இப்படி அடம்பிடித்தால் யாராவது அதன் காதில் ஊதிவிடுவார்கள், அதைச் சொன்னேன்.

“அது ஒங்க ஊரு வழக்கம். எங்க தோட்டத்துல காத்திருப்பாங்க.”

எந்தத் தோட்டம், இலங்கையா கச்சாலா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எல்லோரும் செல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நெஜமா தொட்டேன் அத்தே. கசம் சே, சத்தியமா” என்றார் அவர்.

ஆறு ஞாயிறு போய்விட்டது. செல்வம் இப்போது நிரந்தர வழிகாட்டி. சேவல் பகலில் கோயில் வாசலிலும் பொழுது சாய்ந்தால் மாரியாயி வீட்டுக் கூரையிலுமாகத் திரிகிறது. சாமி இன்னும் வாங்கவில்லை; வீட்டில் குழம்பு வைக்கவும் முடியாது. இரண்டு இடத்திலும் அதற்கு அரிசி விழுகிறது, இரண்டு இடத்திலும் அது ஒரு கண்ணை வாசல் பக்கமே வைத்துக்கொண்டு கொத்துகிறது. பதிவேட்டில் சனிக்கிழமைக்கு நேராக எழுதியிருப்பது: “6.52. பாறை, ஒன்று. வழிகாட்டி நரம்பைத் தொட்டதாகச் சொல்கிறார். சரிபார்க்கப்படவில்லை.”