புள்ளி சார் கம்பி வாங்கப் போன கதை

கண் தெரியாதவர் என்றால் பாட்டு வரும் என்று இந்த உலகத்துக்கு யார் சொல்லிவைத்தார்களோ, அந்த ஆளைப் புள்ளி சார் நாற்பத்து மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். சின்ன வயதிலிருந்து தனக்கு வந்த பரிசுகளை ஒரு நாள் எனக்கு வரிசையாகச் சொன்னார். மவுத் ஆர்கன் ஐந்து, புல்லாங்குழல் மூன்று, கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்த கிடார் ஒன்று. அவருக்கோ தன் கைபேசி அடிக்கிறதா, பக்கத்து மேஜைக்காரருடையது அடிக்கிறதா என்றே தெரியாது. அலுவலக விழாவில் யாராவது ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், "எனக்குப் பிழை திருத்தத்தான் வரும். இவ்வளவு நேரம் நீங்க பேசினதுல எத்தனை தப்புன்னு சொல்லவா?" என்பார். கேட்டவர் கம்பி நீட்டிவிடுவார்.

நாங்கள் இருவரும் ஒரு பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்துகிறோம். பதினோரு வருடமாக ஒரே மேஜை. ஜன்னல் என் பக்கம், மின்விசிறி அவர் பக்கம். தடித்த தாளில் மேடு மேடாகப் புள்ளி குத்தி வரும் பக்கத்தை அவர் விரலால் தடவி வாய்விட்டுப் படிப்பார். நான் மூலப் புத்தகத்தைக் கண்ணால் தொடர்ந்து வருவேன். இரண்டும் ஒத்துப்போனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. எங்காவது இடித்தால் மட்டும் "சார்" என்பேன், அவர் "சொல்லுங்க மேடம்" என்பார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பேசாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் என் வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அவருடைய இடது ஆள்காட்டி விரல்தான் எங்கள் இருவருக்கும் சோறு போடுகிறது. வலது கை ஓரத்தில் நின்று அடுத்த வரி எங்கே என்று பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். படிப்பதெல்லாம் இடது. அந்த விரலால் அவர் சூடான டம்ளரைத் தொட மாட்டார், கத்தி பிடிக்க மாட்டார், பேருந்துக் கம்பியைக்கூட வலது கையால்தான் பிடிப்பார். கண் போலக் காப்பாற்றுகிறீர்கள் என்று ஒரு முறை நான் உளறிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அரை மணி நேரம் சிரித்தார். ஒரு புள்ளி விடாமல் பிடிப்பார் என்பதால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர்.

அப்படிப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் "மூணு" என்று படித்தார். என் புத்தகத்தில் நான்கு என்று இருந்தது. பிரெயிலில் இரண்டு எண்ணுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். மூன்றுக்கு இரண்டு புள்ளி, நான்குக்குக் கூடவே ஒன்று. நான் "சார்" என்றேன், பிழை என்று குறித்து அச்சு அறைக்கு அனுப்பினோம். பத்தே நிமிடத்தில் இயந்திரக்காரர் தாளோடு நேரில் வந்துவிட்டார். பதினோரு வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, அந்தப் புள்ளி இருக்கிறது, நன்றாக முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். புள்ளி சார் இடது விரலால் தடவினார். பிறகு வலது விரலால் தடவினார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை அப்படி ஆயிற்று. சர்க்கரை வந்து கால் மரத்துப்போன என் பெரியப்பா முள் குத்தினதுகூடத் தெரியாமல் நடந்தவர். இவருக்கு விரலில் வந்துவிட்டால்? அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து படிப்பதை நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும். மூன்றாம் நாள் அவர் மனைவிக்குப் போன் போட்டேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், உடனே பிடித்துக்கொண்டார். மறுநாளே ஆளை இரண்டு பக்கமும் பிடித்து, தப்பிக்க வழி இல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

சர்க்கரை அளவு, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. டாக்டர் இடது கையை வாங்கி ஒவ்வொரு விரல் நுனியாக நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "நாலு விரல் நுனியும் காய்ச்சுப்போயிருக்கு. எவ்வளவு நாளா கிடார் வாசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

புள்ளி சாரின் காது சிவந்துவிட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த வீட்டுக் கிடார் அலமாரி மேல் பழைய போர்வைக்குள் பதினாறு வருடமாகக் கிடப்பதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் உண்மையெல்லாம் வெளியே வந்தது. மூன்று மாதம் முன்பு வெயிலில் அந்தக் கிடாரின் ஒரு கம்பி தானாகத் தெறித்ததாம். பூனையோ என்று எடுத்துப் பார்க்கப்போய், நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இன்னொரு கம்பியைத் தட்டியிருக்கிறார். பெட்டி அதிர்ந்து விலா எலும்பில் வந்து நின்றதாம். அன்றிலிருந்து தினமும் காலை மனைவி வேலைக்குக் கிளம்பியதும் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, அறுந்த கம்பிக்குப் பதில் எதுவும் போடாமல் ஐந்து கம்பியில் தானாகவே தடவித் தடவிக் கற்றுக்கொண்டிருக்கிறார். எங்களிடம் சொன்னால் என்ன என்று அவர் மனைவி சண்டைக்குப் போனார்.

"பாட்டு வராதுன்னு ஊரோட சண்டை போட்டவன் நான்," என்றார். "இப்ப புடிச்சிருக்குன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? அதுவும் காதுல ஒண்ணும் புரியல. நெஞ்சுலதான் கேக்குது."

எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் கணக்கு நேராக இருந்தது. கம்பியை அழுத்துவது இடது கை. கிடார் நீடித்தால் அந்த விரல் காய்த்துப் புள்ளி தெரியாமல் போகும், விரல் போனால் வேலை போகும். வேலை போனால் இந்த வயதில் அவருக்கு வேறு வேலை யார் தருவார்கள்? மறுபடி போர்வைக்குள் சுற்றி வைத்துவிடுங்கள் என்று அவர் மனைவி சொன்னார். நானும் அதையே சொன்னேன். எனக்கும் அதில் சுயநலம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அவர், விரலுக்கு வலிக்காத கம்பி ஏதாவது இருக்கும், சனிக்கிழமை கடைக்குப் போய்க் கேட்போம், இல்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். மனைவிக்குச் சனிக்கிழமையும் வேலை. அதனால் நான் போனேன்.

இசைக் கருவிக் கடைக்காரர் வெள்ளைக் கோலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வித்வானே வாசல் தேடி வந்த மாதிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து இருப்பதிலேயே உசத்தியான கம்பிக் கட்டை எடுத்தார். இதன் ஓசை உங்களைப் போன்ற காதுக்குத்தான் புரியும் என்றார். புள்ளி சார் பெருமூச்சு விட்டார். தன் காது ரொம்பச் சுமார், விரலுக்குத்தான் காட்ட வேண்டும் என்றார்.

கடைக்காரர் மேஜை மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். முதலில் மெலிந்த இரும்புக் கம்பி. அழுத்துவது சுலபம், ஆனால் நூல் மாதிரி விரலில் இறங்கும். அடுத்தது வெண்கலம் சுற்றியது, அரம் மாதிரி இருந்தது. அதைத் தொட்டதும் சார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு நைலான். அதைத் தடவியதும் அவர் முகம் மலர்ந்தது, எனக்கும் மனசு லேசாயிற்று. ஆனால் கடைக்காரர் தலையை ஆட்டினார். நாங்கள் தூக்கிக்கொண்டு போன கிடாரின் பெட்டி இரும்புக் கம்பியின் இழுப்புக்கென்று செய்ததாம், நைலானுக்கு அது அசைந்து கொடுக்காதாம். சந்தேகத்துக்கு ஒன்றைப் பூட்டியும் காட்டினார். சார் நெஞ்சோடு பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டு, வரவே இல்லை என்றார்.

கடைசியாக ஒரு கட்டு வந்தது. உள்ளே பட்டு நூலையும் சேர்த்து வைத்துச் சுற்றிய கம்பி. அதை அவர் இரண்டு கையாலும் நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். ஆறையும் கலைத்துக் கொடுக்கச் சொல்லி, தடிமன் வாரியாக வலது விரலாலேயே அடுக்கிக் காட்டினார். கடைக்காரர் பூட்டிக் கொடுத்ததும் தட்டினார். பெட்டி அதிர்ந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். இது போதும், இதையே கட்டிக் கொடுங்கள் என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் கடைக்காரர். நல்ல மனிதர், விற்றால் போதும் என்று இருக்கவில்லை. "எந்தக் கம்பி போட்டாலும் அழுத்தற விரல் காய்க்கும். இதுல கொஞ்சம் குறைவா காய்க்கும், அவ்வளவுதான்."

சார் கிடாரை மடியில் சாய்த்து வைத்தார். சரி, பார்த்தாயிற்று, வாங்க போகலாம் என்றார். குரலில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கை மட்டும் பெட்டியை விட்டு வரவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அவர் பார்த்துவிடுவாரோ என்று முகத்தைத் திருப்பினேன், அப்படி ஒரு மூளை எனக்கு. திருப்பிய பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி இருந்தது. அதில் ஒரு புள்ளி சார் உட்கார்ந்திருந்தார். அவர் கிடாரை வலது கையால் பிடித்து, இடது கையால் தட்டுகிறவராகத் தெரிந்தார்.

இரண்டு பிரதியை ஒத்துப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்வதுதானே என் பிழைப்பு. "சார்," என்றேன், பழக்க தோஷத்தில். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இந்தக் கம்பிய எல்லாம் தலைகீழா மாத்திக் கட்டினா, வலது கையால அழுத்தலாம் இல்ல?" என்று கேட்டேன்.

கட்டலாம் என்றார் அவர். தடித்தது இருக்கும் இடத்தில் மெலிந்தது, மெலிந்ததின் இடத்தில் தடித்தது. கம்பிகள் உட்காரும் பட்டைகளையும் புதிதாக வெட்டிப் போட வேண்டும், இரண்டு நாள் வேலை. இடது கைப் பழக்கக்காரர்களுக்குச் செய்து கொடுப்பதுதான். ஆனால் சாருக்கு இத்தனை நாள் கை பழகியதெல்லாம் வீணாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ரொம்பவும் வருத்தப்பட்டார்.

"தம்பி," என்றார் புள்ளி சார், "மூணு மாசத்துல கிடார் பிடி ரெண்டுதான் கத்துக்கிட்டேன். அதுல ஒண்ணு தப்பு. என்ன வீணாப் போகப் போகுது?"

பட்டு சுற்றிய கம்பிக் கட்டோடு கிடாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திங்கட்கிழமை அவர் தானாகவே மேலாளரிடம் போய், விரல் சரியாகும் வரை தன்னைப் படிக்கும் வேலையிலிருந்து மாற்றச் சொன்னார். மேலாளர் ஒரு மாதம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு சோதனை, தேறாவிட்டால் நிரந்தரமாகப் பக்கம் அடுக்குகிற வேலை என்றார். அந்த மாதம் முழுக்க சாருக்குப் பதில் என் எதிரில் உட்கார்ந்து படித்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரியின் நடுவில் தூங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் ஆளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. புள்ளி சார் பின்னறையில் பக்கம் அடுக்கினார். தினமும் தேநீர் நேரத்தில் இடது விரலை என்னிடம் நீட்டி, எவ்வளவு உரிந்திருக்கிறது என்று கேட்பார். வெங்காயச் சருகு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. மாற்றிக் கட்டிய கிடார் வந்துவிட, வீட்டில் கதவு இப்போது திறந்தே இருந்தது. இந்த வாசிப்பைக் கேட்பதற்குச் சண்டையே தேவலை என்று அவர் மனைவி போனில் சொன்னார்.

சோதனைக்கு ஒரு பக்கம் தயார் செய்தார்கள். வாக்கியமே கிடையாது, நானூறு எண்கள். எந்த எண்ணுக்குப் பின் எது வரும் என்று ஊகிக்க இடமே இல்லாத பக்கம். மூலத்தை வைத்துக்கொண்டு எதிரில் நான் உட்கார்ந்தேன். மேலாளர் பின்னால் நின்றார், இயந்திரக்காரர் கதவோரம் நின்றார். சார் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வரியில் தயங்கினார், பிறகு வேகம் பிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முன்னூறைத் தாண்டியும் திறக்கவில்லை.

கடைசிக்கு முந்தைய வரியில் அவர் "மூணு" என்றார். என் தாளில் நான்கு.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், கடவுள் மன்னிக்கட்டும். பிறகு "சார்" என்றேன்.

அவர் மறுபடி தடவினார். இன்னொரு முறை தடவினார். வலது விரலைத் தொடவே விடவில்லை. "மூணுதான் மேடம்," என்றார். "இங்க ஒரு புள்ளி இல்ல."

மேலாளர் குனிந்தார். இயந்திரக்காரர் ஓடி வந்து தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்த இடத்தில் தாளில் நகக்கீறல் அளவு ஒரு சுருக்கம் இருந்தது, ஊசி இறங்கியிருக்கவில்லை. யாரும் வேண்டுமென்று விட்ட பிழை இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. பதினோரு வருடத்தில் இயந்திரக்காரர் திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எனக்கு அடுத்த எண் கண்ணில் மங்கலாகத் தெரிந்தது.

மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். சிறிது நேரம் கழித்துப் பின்னறையிலிருந்து சாருடைய சாப்பாட்டுப் பையை அவரே எடுத்து வந்து எங்கள் மேஜையில் வைத்தார். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இன்னும் முடியாமல் எங்களுக்காகக் காத்திருந்தது. சார் பக்கத்தைப் பிரித்தார். இடது விரல் சத்தமில்லாமல் வரியில் ஓடியது. ஓரத்தில் வரி பிடித்துக்கொண்டிருந்த வலது கை மட்டும், நுனி காய்த்துப்போய், ஒவ்வொரு வரிக்கும் இறங்கும்போது தாளில் சரக் சரக் என்று உரசியது.

அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு மாலை வரை நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.