மைக்காரம்மாவும் கோடையில் செத்த மன்னர்களும்

அந்த வடக்கு அரசில் வருடத்துக்கு எட்டு மாதம் பனி கொட்டும். ஆனாலும் அரண்மனை ஏட்டறையில் அடுப்பு மூட்டக்கூடாது. முந்நூறு வருடச் சரித்திரம் முழுக்க அங்கே தாளாகக் கிடக்கிறது, ஒரு பொறி போதும். அதனால் குளிர்காலத்தில் மை கல்லாக உறைந்துவிடும். அதை வயிற்றோடு அணைத்து இளக வைப்பதுதான் மைக்காரம்மாவின் வேலை.

இருபது வருடத்துக்கு முன் அங்கே தரை பெருக்க வந்தவள் அவள். தலைமை எழுத்தர் மைக்கூட்டைக் கவிழ்த்துத் தட்டி மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "இங்க குடுங்கய்யா. பச்சப்புள்ளய அணைக்கிற மாதிரி வச்சா தானா இளகிடும்" என்று வாங்கிக் கம்பளிக்குள் செருகிக்கொண்டாள். அன்றோடு துடைப்பத்துக்கு விடுதலை. அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் எழுத்தர் எதையும் வாய்விட்டுப் படிக்கிற ஆள். கேட்டுக் கேட்டே எந்த மன்னன் எப்போது செத்தான் என்பது அவளுக்கு அத்துப்படி.

போன கோடையில் அரசர் காலமானார். மகள் பட்டத்துக்கு வந்தாள். அவருக்கு வயதான காலத்தில் பிறந்த சின்னப் பெண். சரித்திரம் முழுவதையும் உட்கார்ந்து படித்தவள், முகம் வெளுத்து எழுந்தாள். ஏழு மன்னர்களும் செத்தது கோடையில்! கோட்டை எரிந்தது, பனி அரக்கர்கள் படையெடுத்தது, எல்லாமே கோடையில்! கோடை இந்த நாட்டுக்கே ஆகாது, இனிமேல் கல்யாணங்கள் குளிர்காலத்தில்தான் என்று ஆணை எழுதச் சொல்லிவிட்டாள்.

மைக்காரம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது. அவள் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் கப்பல் தச்சன். பனி உருகினால்தான் அவன் கப்பல் துறைக்கு வரும், கடல் உறையும் முன் போய்விடும். "குளிர்காலத்துல அவர் எந்தக் கடல்ல இருப்பாரோ" என்று மகள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மைக்காரம்மா நேரே எழுத்தரிடம் போனாள்.

"ஏங்கய்யா, எழுதுற நாளைத்தானே தேதியா போடுவீங்க?"

"ஆமாம்மா. வேற தேதி போட்டா கையை வெட்டணும்னு முதல் ராஜா போட்ட சட்டம்."

"அப்போ நான் வர்றதுக்கு முன்னாடி, மை உறைஞ்ச மாசங்கள்ல?"

"பனி உருகினப்புறம் மொத்தமா எழுதுவாங்க..." எழுத்தர் பாதியில் நிறுத்தினார். விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது.

"இதை மகாராணிகிட்ட சொல்லுங்களேன்."

"நானா? சரித்திரமே தப்புன்னு சொல்ல எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு?"

மறுநாள் காலை ராணி கையெழுத்துப் போட வந்தாள். ஆணை தயாராக இருந்தது. எழுத்தர் இறகுப் பேனாவை நீட்டினார். எல்லோரும் மைக்காக மைக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவளோ மைக்கூட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னும் இளகலையா?"

"இளகி ரொம்ப நேரமாச்சு மகாராணி. குடுக்கத்தான் மனசு வரல."

எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். மைக்காரம்மாவின் வாய் நிற்கவில்லை.

"பனி அரக்கனுங்க நட்டநடு கோடையில வந்தாங்கன்னு ஏட்டுல இருக்கே. வெயில் பட்டா உருகிடுவானுங்களே, கோடையிலயா வருவானுங்க?"

ராணி ஏட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"வந்தது குளிர்லதான் தாயி. மை உறைஞ்சு கிடந்துச்சு, உருகினப்புறம் எழுதினாங்க. ராஜாக்கள்லயும் பாதிப் பேரு குளிர்லதான் போயிருப்பாங்க."

ராணி எழுத்தரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"ஆனா எங்கப்பா நிஜமாவே கோடையிலதானே போனார்?" என்றாள் ராணி. "அடுத்த கோடையில நானும் போயிடுவேனோன்னு பயந்துட்டேன்."

"அது வயசு மகாராணி. எண்பத்திரண்டு வயசுல குளிர் என்ன, கோடை என்ன?"

ராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆணையை நாலாகக் கிழித்துப் போட்டாள்.

கோடையில் கப்பல் வந்தது, கல்யாணம் நடந்தது. அதையும் சரித்திரத்தில் அன்றே எழுதும்படி ராணி உத்தரவு. புத்தாடை சலசலக்க மைக்காரம்மா ஏட்டறைக்கு ஓடினாள். அங்கே மை தண்ணீராய்த் தளும்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், எடுத்து வயிற்றோடு அணைத்துத்தான் கொடுத்தாள். எழுத்தர் வாய்விட்டுப் படித்தபடியே எழுதி முடித்தார்.

"எதுங்கய்யா என் பொண்ணு பேரு?"

எழுத்தர் அவள் விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்துக் காட்டினார். காயாத மை விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் பதறிப்போய்த் துணியைத் தேடினார். அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஓடிவிட்டாள்.